குளிரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்: இன்சுலேஷன் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் விசிறியின் மோட்டார் காயில் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். பிரித்துப் பார்த்தால், கேபிள் வந்து சேரும் முனையை ஒட்டிய சில சுற்றுகளில் மட்டும் கம்பியின் எனாமல் பூச்சு வெளுத்துப் பொடிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வார்னிஷ் புதிதுபோல இருந்தது. இதே மோட்டாருக்கு நான் முன்பு கணினியில் ஓட்டிய சிமுலேஷன், இன்சுலேஷன் (மின்காப்பு) 20 வருடம் தாங்கும் என்று சொல்லியிருந்தது.

அதில் நான் கொடுத்தது வெப்பம் ஒன்றைத்தான். இன்சுலேஷன் முதுமையை வேதிவினையின் வேகமாகக் கணக்கிடலாம் என்று 1948-ல் டேகின் என்ற ஆய்வாளர் காட்டிய பிறகு, வெப்பம் ஏற ஏற வேதிவினை எவ்வளவு வேகமெடுக்கும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாடு எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். குன்னூர் குளிரைப் போட்டதும் ஆயுள் மளமளவென்று ஏறிவிட்டது.

ஆனால் அந்த மோட்டார் ஓடியது டிரைவில், அதாவது மின்சாரத்தைத் துடிப்புகளாக வெட்டிக் கொடுத்து வேகத்தை மாற்றும் கருவியில். 415 வோல்ட் லைனில் டிரைவுக்குள் டிசி சுமார் 590 வோல்ட் இருக்கும். கேபிள் நீளமானால் ஒவ்வொரு துடிப்பும் மோட்டார் முனையில் மோதி எழும்பி 1,100 வோல்ட்டைத் தாண்டலாம். அந்த அடியில் பெரும்பங்கு விழுவது முதல் சில சுற்றுகள் மேல்தான். போதாததற்கு உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் கம்பிகளுக்கு இடையே பார்ஷியல் டிஸ்சார்ஜ் (காப்பை அரிக்கும் சிறு மின்பொறிகள்) குறைந்த வோல்ட்டிலேயே தொடங்கிவிடும். கடல்மட்டக் காற்றை அப்படியே மாடலில் விட்டுவைப்பது, மலையில் வேலை பார்ப்பவர்கள் செய்யவே கூடாத தவறு. மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகத்தான் எடுத்துப்போகும். மோட்டார் ரேட்டிங்கே பொதுவாக 1,000 மீட்டர் வரைக்குமானது. அதனால் அறை வெப்பநிலையை வைத்து ஓட்டாதீர்கள். காயிலுக்குள் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அதைக் கொடுங்கள்.

எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன்) காப்புள்ள கேபிளில் வேறு சிக்கல். 150 டிகிரியில் சோதித்துக் கிடைத்த ஆயுள் வரைபடக் கோட்டை 90 டிகிரி வரை நீட்டிவிடுகிறார்கள். அதன் படிகப் பகுதிகள் 110 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சோதனையில் முதுமையடைந்தது வேறு நிலையிலிருந்த பொருள்.

மாடலில் கூர்மூலை இருந்தால், அங்கே மெஷ்ஷை (கணக்குக்காகப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நுணுக்க நுணுக்க மின்புலம் ஏறிக்கொண்டே போகும். மூலைக்கு நிஜமான வளைவைக் கொடுத்தால்தான் நிற்கும். காப்புக்குள் சிக்கிய காற்றுக்குமிழியின் வடிவத்தையும் ஊகிக்காதீர்கள். எபாக்சி பிசினுக்குள் புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் தட்டைக் குமிழியில் புலம் சுமார் 4 மடங்காகும், உருண்டைக் குமிழியில் 1.3 மடங்குதான்.

கடைசியாக, பழுதுகள் எப்போது வரும் என்று கணிக்கும் வெய்புல் என்ற புள்ளியியல் கணக்கு ‘ஆயுள்’ என்று தரும் எண். அது 63.2 சதவீதம் பழுதாகிவிட்டிருக்கும் காலம். சீசனில் கொழுந்து குவிந்து கிடக்கும்போது பத்து விசிறியில் ஆறு நின்றுபோன பிறகு அந்த எண் யாருக்கு? தொழிற்சாலைக்காரர் கேட்பது முதல் மோட்டார் எப்போது போகும் என்று. 10 சதவீதம் பழுதாகும் காலத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.