செட்டிநாட்டுப் பேச்சைப் பதிவு செய்யப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ரெக்கார்டரோடு வருகிறவர்கள் பதிவை ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள், கோட்டை விடுவது அதை உட்கார்ந்து எழுதும்போதுதான். பள்ளிக்கூடத்தில் பழகிய கை, காதில் விழுந்ததைத் தானாகவே இலக்கணத் தமிழாகத் திருத்திவிடும்.

தேன்குழலையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகாரம் சுடுகிற ஆச்சி ஒருவர் பேச்சுவாக்கில் அதை ‘தேங்கொளலு’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ககரத்துக்கு முன்னால் னகரம் ஙகரமாகிவிட்டது; அடுத்த அசையில் அகரம் வருவதால் குழலின் உகரம் ஒகரமாக இறங்கிவிட்டது (உடம்பு ஒடம்பாவதும் இடம் எடமாவதும் இதே கணக்குதான்); தென் மாவட்டங்களில் பலர் பேசுவதுபோல ழகரம் ளகரமாகிவிட்டது; கடைசியில் ஓர் உகரமும் ஒட்டிக்கொண்டது. ஒரே சொல்லில் நாலு சங்கதி. ‘தேன்குழல்’ என்று அழகாக எழுதினீர்கள் என்றால் நாலும் போச்சு.

இதைவிட மோசமாக மாட்டிக்கொள்கிற இடம் ‘வந்தா’. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி னகரம் தனியாக ஒலிக்காது, ஆகாரம் மூக்கொலியாக மாறும், அவ்வளவுதான். ‘வந்தாள்’ ளகரத்தை விட்டுவிட்டு ‘வந்தா’ ஆகும், ‘வந்தால்’ என்பதும் ‘வந்தா’தான். ஆக, வந்தது ஆணா பெண்ணா என்பது அந்த மெல்லிய மூக்கொலியில் தொங்குகிறது, அதைக் காட்ட நம் எழுத்தில் குறியும் கிடையாது. கதையின் போக்கை வைத்து ஊகித்து எழுதிவிட்டு, அப்புறம் அதையே சான்றாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஆய்வே இல்லை. இந்த மாதிரி இடங்களில் ஐ.பி.ஏ. என்கிற சர்வதேச ஒலிக்குறியில் எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே குறித்துவிட்டு, கதை தெரியாத இன்னொருவரிடம் அந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

ஈலான் போன்ற இலவச மென்பொருளில் ஒரே ஒலிக்குக் கீழே பல வரிகள் வைக்கலாம். சொன்னபடி ஒரு வரி, எழுத்துத் தமிழில் ஒரு வரி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். பேச்சை எழுத்தாக்கும் தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் ‘ஆங்’, ‘வந்து’, தடுமாற்றம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சுத்தமான வாக்கியமாகக் கொடுக்கும், அதை முதல் வரைவாக வைத்துக்கொள்வதற்குக்கூட நான் யோசிப்பேன்.

அடுத்து, “ஆச்சி, இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று நேராகக் கேட்பது. கேட்ட உடனே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ழகரத்தைச் சுழற்றிச் சொல்லிவிடுவார். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க் கடைகளில் ஆங்கில ரகரத்தை ஒலிக்கிறார்களா விழுங்குகிறார்களா என்று ஆராய்ந்தபோது உச்சரிப்பைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாலாவது மாடியில் இருக்கிற பொருள் எங்கே என்று விசாரித்து, ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டார், காதில் விழாததுபோல் மறுபடி கேட்டு, கவனமாகச் சொல்லும் உச்சரிப்பையும் வாங்கிக்கொண்டார். நீங்களும் கந்தரப்பத்துக்கு என்னென்ன ஊறப்போட வேண்டும், போன கல்யாணத்தில் பந்தி எப்படி நடந்தது என்று கேளுங்கள், சொல் தானாக வரும். ஆனால் ரெக்கார்டரை ஒளித்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், அனுமதி வாங்கித்தான் பதிய வேண்டும்.

வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், உட்கார்ந்து பதிவதும் தவறுதான். பார்க்க நன்றாக இருக்கும், படம் எடுங்கள், ஆனால் பளபளவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரைக்கல், உயர்ந்த கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கிற பரப்புகள். துணிமணியும் பாயும் கிடக்கிற சின்ன அறை தேவலை. மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள், ஒற்றைத் தடத்தில் மணிக்கு 300 எம்பி சொச்சம்தான் ஆகும். அதை வாட்ஸ்அப் குரல் பதிவாக வாங்கினால் சுருங்கித்தான் வரும், போனின் இரைச்சல் நீக்கி வேறு மேலே ஒரு கை பார்க்கும், மேலே சொன்ன மூக்கொலியை நம்பித் தேட முடியாது.

கடைசியாக, செட்டிநாடு என்றதும் பெரிய வீட்டு வாசலில் மட்டும் போய் நிற்காதீர்கள். நகரத்தார் பேச்சு இந்த மண்ணின் ஒரு பேச்சு, அதிலும் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துவிட்டு விசேஷத்துக்கு வந்து போகிறவர்கள். ஆத்தங்குடியில் தரைக்கல்லுக்கான அச்சில் வண்ணம் ஊற்றுகிறவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், அந்த வீடுகளில் அடுப்படி பார்க்கிறவர் எல்லாரும் இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுகிறார்கள். யாருடைய பேச்சு, என்ன வயது, எங்கே வளர்ந்தவர் என்பதைப் பெயர் இல்லாமல் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.