இரண்டு டெகுக்களைப் பழக்குவது எப்படி: முத்தம் என்று நான் நினைத்தது முத்தம் இல்லை

இந்தப் பதிவு ஏற்கெனவே ஒரு டெகுவை ஓராண்டாவது நல்லபடியாக வளர்த்துவிட்டு, "பாவம், தனியாக இருக்கிறதே, இன்னொன்று வாங்கலாமா" என்று யோசிப்பவர்களுக்கு. மண் எத்தனை அங்குலம், யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கை எப்போது மாற்றுவது, கால்சியம் பொடி எவ்வளவு என்பதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டெகு என்பது அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே, பராகுவே பக்கத்துப் பெரிய பல்லி. பார்த்தால் நம் ஊர் உடும்புக்குச் சித்தப்பா பிள்ளை போல இருக்கும். ஆனால் குடும்பமே வேறு, சொந்தம் கிடையாது.

நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். வீட்டில் முனியாண்டி என்று ஓர் ஆண் கறுப்பு வெள்ளை டெகு, மூக்கிலிருந்து வால்நுனி வரை நாலேகால் அடி. பெயர்க் காரணம் அவன் சாப்பிடுவதைப் பார்த்தால் புரியும். இரண்டாவதாக வந்தவள் செல்லி, மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் ஒரே தளத்தில் நிம்மதியாக விட எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அதில் பாதி என் அவசரத்தால் வீணானது.

வாங்குவதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். புளோரிடாவில் காட்டில் பெருகிவிட்டதால் 2021 ஏப்ரலிலேயே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினாவிலும் கெடுபிடி உண்டு.

படி 1: உண்மையிலேயே தேவையா?

டெகு கூட்டமாக வாழும் பிராணி இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் சேரும், மற்றபடி தன் வளை, தன் வெயில், தன் இரை என்று இருக்கும். தனியாக இருப்பதால் அது ஏங்கிப் போவதில்லை. ஏங்குவது நாம்தான். இரண்டும் ஒன்றையொன்று சகித்துக்கொண்டால் போதும் என்று இறங்குங்கள், நாய்க்குட்டிகள் போல விளையாடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 2: ஆணா பெண்ணா

இரண்டு ஆண் வேண்டவே வேண்டாம். ஒரே உறையில் இரண்டு வாள் கதைதான். இரண்டு பெண் சில வீடுகளில் ஒத்துப்போகும். ஓர் ஆண், ஒரு பெண் என்றால் வசந்த காலத்தில் தலைவலி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். எனக்குச் செல்லியை "ஆண் குட்டி" என்று சொல்லித்தான் விற்றார்கள். நல்லவேளை, தப்பு எனக்குச் சாதகமாக முடிந்தது. வளர்ந்த ஆணுக்குத் தாடையின் இரு பக்கமும் சதை பெருத்துப் பை போலத் தொங்கும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமென்றால் வாலின் அடியில், கழிவாய்க்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ஆணுக்கு அரிசி மணி போல ஒரு செதில் திரள் நெருடும். சின்னக் குட்டியில் இது ஏமாற்றும். எட்டு மாதமாவது ஆகட்டும்.

படி 3: தனிமைப்படுத்தல்

90 நாள். தனி அறை, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி இடுக்கி. மலப் பரிசோதனை இரண்டு முறை. காக்சிடியா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிகள் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அடுத்த படி. நான் 40 நாளில் முடித்துக்கொண்டேன். எதுவும் ஆகவில்லை, ஆனால் அது அதிர்ஷ்டம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

படி 4: வாசனை மாற்று

டெகுவுக்கு உலகம் நாக்கில் இருக்கிறது. நுனி பிளந்த நாக்கை நீட்டி வாசனையை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டுபோய் வைக்கிறது. ஆணின் தொடை அடியில் வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து மெழுகு போல ஒன்று கசியும். அவன் நடக்கும் இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் அறிமுகம் மூக்கும் நாக்கும் மூலமாகத்தான். பழைய பருத்தி டி-சட்டை ஒன்றை முனியாண்டியின் வளைக்குள் மூன்று நாள் வைத்து, பிறகு செல்லியின் கூண்டில் போட்டேன். அதேபோல் எதிர்ப்புறமும். முதல் தடவை செல்லி புஸ்ஸென்று மூச்சு விட்டுப் பின்வாங்கினாள். நான்காவது தடவை அந்தச் சட்டைக்குள்ளேயே சுருண்டு தூங்கினாள். இந்தக் கட்டத்துக்கு வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 5: வலை வழியாகப் பார்வை

இரண்டுக்கும் நடுவில் உறுதியான கம்பிவலை, ஒரு வாரம். கண்ணாடி எனக்குப் பிடிக்காது. வாசனை போகாது, போதாக்குறைக்குத் தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்து மோதும்.

கவனிக்க வேண்டியவை: உடம்பை ஊதிப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் காட்டுவது, நான்கு காலையும் விறைத்து முதுகை வளைத்து நிற்பது, வால்நுனி துடிப்பது, வாயைத் திறந்து வைப்பது. இதில் எது வந்தாலும் திரும்ப வாசனைப் படிக்கு. நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுச் சலிப்போடு திரும்பிப் போனால் அதுதான் நல்ல சகுனம். சலிப்பு வர வேண்டும், அதற்குத்தான் இந்த ஒரு வாரம்.

படி 6: பொது இடத்தில் சந்திப்பு

யாருடைய கூண்டும் இல்லாத இடம். எங்களுக்குச் சலவை அறை. முதல் நாள் பத்து நிமிடம். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஒருவருக்கு ஒரு டெகு.

கருவிகள் பற்றி என் அபிப்பிராயம்: தடித்த வெல்டிங் கையுறையை எல்லோரும் சொல்வார்கள். வேண்டாம். பிடிமானம் தெரியாமல் அழுத்திவிடுவோம். ஒரு பெரிய குளியல் துண்டு, கைப்பிடி வைத்த இரண்டடி ப்ளைவுட் பலகை, ஒரு சலவைக் கூடை போதும். பலகையை நடுவில் இறக்கினால் சண்டை பாதியில் நிற்கும். கூடையைக் கவிழ்த்தால் ஒரு டெகு உள்ளே.

படி 7: சாப்பாடு (நான் சறுக்கிய இடம்)

சந்திப்பெல்லாம் மூன்று வாரம் நன்றாகப் போனது. ஒரு சனிக்கிழமை, ஒரே அறையில் எதிரெதிர் மூலையில் இரண்டுக்கும் பந்தி போட்டேன். முனியாண்டிக்கு வான்கோழிக் கொத்துக்கறி, செல்லிக்கு மத்தி மீன். தட்டு தனித்தனிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

முனியாண்டி முடித்துவிட்டு மெதுவாக அவளிடம் வந்தான். அவள் தாடையில் நாக்கால் தொட்டான். ஒரு தடவை, இரண்டு தடவை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். நான் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் என் குரல் கேட்கும்: "ஏங்க, இங்க பாருங்க, முத்தம் குடுக்கறான்." அடுத்த நொடி அவள் தாடை முழுக்க அவன் வாயில்.

நடந்தது இதுதான். அவள் மூஞ்சியில் மீன் எண்ணெய் இருந்தது. அவனுக்கு அது செல்லி இல்லை, மத்தி. கோபம், பொறாமை ஒன்றும் கிடையாது. நாக்கு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மெதுவாகத் தொட்டால் அது "இது தின்கிற பொருளா" என்ற விசாரணை. இன்று அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. அன்று தெரியவில்லை.

கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் சதை கிழியும், தாடை உடையும். கணவர் துண்டை அவன் தலையில் போட்டார், நான் குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீரை அவன் மூஞ்சியில் ஊற்றினேன். ஒரு நிமிடம் கழித்து விட்டான். செல்லிக்கு இரண்டு பல் ஆழம், பத்து நாள் ஊசி. அதன்பின் ஆறு வாரம் பிரித்துவைத்து, திரும்ப டி-சட்டையிலிருந்து ஆரம்பித்தோம்.

இப்போது என் வழக்கம்: சாப்பாடு அவரவர் கூண்டில், கதவு பூட்டி. முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூஞ்சி கழுவி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பொது இடம். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி ஒரு காரணம், மத்தி வாசம் இன்னொன்று.

படி 8: எல்லாம் இரண்டிரண்டு

மறைவிடம் இரண்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டு, முக்கியமாக வெயில் காயும் விளக்கு இரண்டு. இது எனக்குத் தெரியாமல் இல்லை, அலட்சியம். கடித்த கதை முடிந்து எல்லாம் சுமுகமான பிறகு, ஒரே விளக்கின் கீழ் முனியாண்டி செல்லியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். அதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு எனக்குப் பெருமை.

சமையலறைத் தராசு வேறு கதை சொன்னது. ஐந்து வாரத்தில் செல்லி 1,940 கிராமிலிருந்து 1,710 கிராம். மேலே படுப்பவன் சூட்டையும் யூவிபியையும் எடுத்துக்கொள்கிறான். கீழே இருப்பவளுக்கு அவன் நிழல்தான். சூடு இல்லாவிட்டால் செரிமானம் இல்லை, செரிக்காவிட்டால் பசி இல்லை. சண்டை போடாமலே ஒன்று இன்னொன்றைப் பட்டினி போட முடியும்.

ஆகவே பாசத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். முதல் விளக்கிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி இன்னொரு விளக்கு போடுங்கள். கீழே கடப்பா போன்ற தட்டைக்கல், மேற்பரப்பு அதே 110 ஃபாரன்ஹீட் சுமார். தள்ளி நின்று குறிபார்த்து அளக்கும் துப்பாக்கி வெப்பமானியால் அளந்து பாருங்கள், கூண்டில் ஒட்டும் வட்ட வெப்பமானி குப்பை. நான் போட்ட அன்று அரை மணி நேரத்தில் செல்லி எழுந்து புதுக் கல்லுக்குப் போய், கால்களைப் பின்னுக்கு நீட்டி, வயிறு கல்லில் பதியப் படுத்தாள். எத்தனை நாள் ஆசையோ.

இரண்டு இடம் இருந்தும் ஒட்டிப் படுத்தால் அப்போது நம்பலாம். இப்போது வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படிப் படுக்கிறார்கள். மீதி நாள் அவரவர் கல். வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். செயலி எல்லாம் வேண்டாம், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள் போதும்.

படி 9: குளிர்தூக்கமும் வசந்தமும்

எங்கள் வீட்டில் நவம்பரில் தூங்கிப் பிப்ரவரி கடைசியில் எழுவார்கள். முதல் ஆண்டு தனித்தனி. இரண்டாம் ஆண்டு செல்லி தானாகவே அவன் வளைக்குள் போனாள், விட்டுவிட்டேன்.

எழுந்த பிறகுதான் வம்பு. ஆணின் ஹார்மோன் ஏறும், கழுத்தைக் கவ்வுவான், விரட்டுவான். 2016-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இனப்பெருக்கக் காலத்தில் இந்த டெகுக்கள் இரவில் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி செல்சியஸ் வரைகூடத் தங்கள் உடம்பைச் சூடாக வைத்திருக்கின்றன என்று காட்டியது. பல்லியில் இது பெரிய ஆச்சரியம். அப்படிப்பட்ட காலத்தில் பிப்ரவரி வரை இருந்த சிநேகிதத்தை நம்பி விடாதீர்கள். முட்டை வேண்டாமென்றால் எழுந்த அன்றே பிரித்துவிடுங்கள். ஓர் ஈட்டுக்கு 20, 30 முட்டை சாதாரணம். அத்தனை குட்டிக்கும் வீடு பார்க்க முடியாது. எவ்வளவு ஒட்டி வளர்ந்தாலும் இதனால்தான் இரண்டு முழுக் கூண்டு கடைசிவரை வேண்டும் என்கிறேன்.

பிற்சேர்க்கை 1: "ஒரே ஈட்டுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்தே வளர்த்தால் இந்தப் படிகள் தேவையில்லையே" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சில மாதம் சரிவரும். பிறகு ஒன்று முந்தி வளரும், மற்றது வால் இழக்கும். எடை வித்தியாசம் தெரிந்த வாரமே பிரியுங்கள்.

பிற்சேர்க்கை 2: சென்னையிலிருந்து ஒருவர், அங்கே டெகு வளர்க்கலாமா என்று கேட்டு எழுதினார். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் டெகு இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் அந்தப் பட்டியல் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ரசீது இல்லாமல் யாராவது விற்றால் வாங்காதீர்கள். "அப்போ உடும்பு?" என்று இன்னொருவர். உடும்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்பில் இருக்கிறது. கையைக்கூட வைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3, இந்த மார்ச்: முனியாண்டி தன் கூண்டில். செல்லி ஆண் பக்கத்தில் இல்லாமலே வைக்கோலையெல்லாம் வாயால் இழுத்து ஒரு மூலையில் குவித்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். கருவுறாத முட்டையாகவே இருக்கும். முட்டை சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கிட்டப் போனாலும் புஸ்ஸென்கிறாள். தண்ணீர்த் தொட்டியை நீள இடுக்கியால் இழுத்துத்தான் மாற்றுகிறேன்.