ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டே ஒரு பாட்டை ஆராய்வது எப்படி

இசையில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யும் நம் பக்கத்துப் பிள்ளைகள், ராமேஸ்வரமோ கீழக்கரையோ தொண்டியோ, முதலில் கேட்பது "சென்னைக்குப் போகாமல் முடியுமா" என்பதுதான். முடியும். நூலகத்துக்காகச் சில தடவை போக வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். ஆராய வேண்டிய பாட்டு இங்கேயே நிறைய இருக்கிறது: கோயிலில் தேவாரம், சமஸ்தானத்து வித்வான்களின் கீர்த்தனை, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா. இவற்றில் ஒன்றை எடுத்து எப்படி ஆராய்வது என்றுதான் எழுதப்போகிறேன்.

முதலில் எது ஆராய்ச்சி இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் அத்தியாயம் இயற்றியவரின் வாழ்க்கை வரலாறு, இரண்டாவது பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த ராக லட்சணம், மூன்றாவது சாகித்தியத்தின் பொருள், நான்காவது முடிவுரை. இப்படி ஒரு ஆய்வேட்டை எழுதிப் பட்டம் வாங்கலாம், வாங்கவும் செய்கிறார்கள், ஆனால் அதில் பாட்டுக்குள் யாருமே போகவில்லை. எந்தச் சுரத்தில் எடுப்பு, எங்கே அறுதி, இரண்டாவது சங்கதி (அதே வரியை மாற்றிப் பாடும் வடிவம்) முதல் சங்கதியிலிருந்து எந்த இடத்தில் மாறுகிறது, சொல் தாளத்தில் எங்கே விழுகிறது, இதையெல்லாம் சொல்லாத ஏடு வெறும் தொகுப்புதான்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் இசைப்பணி" என்று தலைப்பு வைத்தால் ஆயுசுக்கும் முடியாது. அவர் 1860இல் ராமநாதபுரத்தில் பிறந்தவர், பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் படித்தவர், நம் சமஸ்தானத்து வித்வான், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, 1919இல் காலமானார். வாழ்க்கைக்கு ஒரு பத்தி போதும். அவர் செய்த 'சரகுண பாலிம்ப' என்ற கேதாரகௌளைக் கீர்த்தனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேதாரகௌளை 28ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, அரிகாம்போதியில் பிறந்தது. ஏறும்போது ச ரி ம ப நி ச, இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. இதே குடும்பத்தில் இருக்கும் சுருட்டிக்கும் ஏறும் வழி இதேதான். ஆனால் இறங்கும்போது கேதாரகௌளையில் காந்தாரம் ம க ரி என்று நேராக வரும், சுருட்டியில் ம க ப ம ரி என்று வளைந்து போகும். ஆக, இந்தக் கீர்த்தனையில் மத்தியமத்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் காந்தாரம் என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சொல்லின் மேல் விழுகிறது, சுருட்டியின் வாடை எங்காவது அடிக்கிறதா? இது ஒரு கேள்வி. இதற்குப் பதில் உண்டு, பதிலைக் காட்டவும் முடியும். நெறியாளர் "இவ்வளவுதானா" என்று கேட்டால் தயங்காதீர்கள், ஒரு நல்ல கட்டுரைக்கு இவ்வளவே தாராளம்.

தலைப்பை முடிவு செய்யும் முன்னால் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இதே கேள்வியை ஒருவர் முன்பே கேட்டிருந்தால் தலைப்பை விட்டுவிட வேண்டியதில்லை, அவர் நின்ற இடத்திலிருந்து மேலே போகலாம்.

பாடாந்தரம் சேர்ப்பது

நம் இசையில் 'அசல் பிரதி' என்று ஒன்றைத் தேடிக்கொண்டு போகக்கூடாது. அச்சில் இருக்கும் சுரக்குறிப்பு, ஒருவர் ஒரு காலத்தில் எழுதிவைத்த ஒரு பாடாந்தரம், அதாவது ஒரு குரு வழியில் வந்த பாட்டின் வடிவம், அவ்வளவுதான். முத்துசுவாமி தீட்சிதர் நம் ராமநாதசுவாமி மேல் காசிராமக்கிரியை (இன்று பந்துவராளி என்று சொல்கிறோம்) ராகத்தில் 'ராமநாதம் பஜேஹம்' செய்திருக்கிறார். அவர் மறைந்தது 1835இல். தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு நாம் பெரிதாக நம்பும் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரத்தில் அச்சானது 1904இல். நடுவே 69 வருஷம். அந்தப் புத்தகம் கமகக் குறிகளோடு (சுரத்தை எப்படி அசைப்பது என்று காட்டும் குறிகள்) இருப்பதால் அதற்கு மதிப்பு அதிகம்தான், அதற்காக அதையே தீட்சிதரின் குரல் என்று எழுதிவிட முடியாது. "1904 பதிப்பில் இப்படி இருக்கிறது, இன்று பந்துவராளியாகப் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் இப்படிப் பாடுகிறார்கள்" என்று எழுதினால் அதை யாரும் அசைக்க முடியாது.

குறைந்தது மூன்று பதிவாவது வேண்டும். ஒன்று அரியக்குடி வழியில் வந்தவருடையது, ஒன்று வேறு வழியில் வந்தவருடையது, முடிந்தால் ஒரு வாத்தியம். ஒவ்வொன்றுக்கும் யார் பாடினார், யாரிடம் பாடம், கச்சேரியா வானொலியா, எந்த வருஷம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துவிடுங்கள். பெயரில்லாத கோப்புகள் சேர்ந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

காது முதலில், மென்பொருள் அப்புறம்

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) அடையாளம் போடலாம், சுரத்தின் போக்கைக் கோடாகப் பார்க்கலாம். ஆனால் கோட்டை முதல் நாளே பார்க்காதீர்கள். பாதி வேகத்தில் வைத்துக் கேட்டு, வாயால் பாடி, கையால் நோட்டில் எழுதுங்கள். ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு சாயங்காலம் போனாலும் போகட்டும். கேட்டு எழுதும்போதுதான் "இந்த இடத்தில் நிஷாதம் எனக்குக் கேட்கிறது, ஆனால் அவர் அதைத் தொட்டாரா, சட்ஜத்திலிருந்து அசைத்தாரா" என்ற சந்தேகம் வரும். ஆராய்ச்சி தொடங்குவதே அந்தச் சந்தேகத்தில்தான். அப்போது போய்க் கோட்டைப் பாருங்கள்.

கோடு படிக்கும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். முதலாவது, பாடகரின் ஆதார சட்ஜத்தைக் கண்டுபிடித்து அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொருவர் கட்டையும் (பாடும் சுருதியும்) வேறு என்பதால் இது இல்லாமல் இரண்டு பேரை ஒப்பிடவே முடியாது. சுர இடைவெளியைச் சென்ட் என்ற அலகில் அளப்பார்கள்; ஒரு ஸ்தாயி 1200 சென்ட், கேதாரகௌளையில் வரும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386இலிருந்து 400க்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். பாடும்போது அது அங்கே நிற்காது, கமகத்தில் மேலும் கீழும் போய் வரும், அதைப் பார்த்துப் பாடகர் சுருதி விலகிவிட்டார் என்று எழுதினால் உங்களுக்குக் கமகம் தெரியாது என்றுதான் அர்த்தம். இரண்டாவது, கூடவே வரும் வயலினை மென்பொருள் பல இடங்களில் குரல் என்று எடுத்துக்கொள்ளும். கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி தாவினால் காதால் சரிபாருங்கள்.

அப்புறம் எக்செல்லில் ஒரு அட்டவணை. ஆவர்த்தன எண், சங்கதி எண், தொடங்கும் சுரம், முடியும் சுரம், தொடும் உச்ச சுரம், அந்த இடத்துச் சொல், சொல்லின் எந்த எழுத்து தாளத் தட்டில் விழுகிறது, காந்தாரத்துக்கு எந்தச் சுரத்திலிருந்து வருகிறார், எதற்குப் போகிறார். ஒவ்வொரு பாடாந்தரத்துக்கும் ஒரு தாள். நிரப்புவது அலுப்பான வேலைதான், ஆனால் நிரம்பியதும் எங்கே மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூவரும் ஒன்றாக இருக்கும் இடத்தை இயற்றியவரின் கட்டுமானம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், பிரியும் இடங்கள் பாடாந்தரத்தின் வளர்ச்சி. என்னைக் கேட்டால் ஆய்வேட்டின் இருதயமே இந்தப் பிரிப்புதான், ஐம்பது பக்கம் எழுதினாலும் இங்கே எழுதுங்கள்.

இதற்கு முன் பழகிப் பார்க்க வேண்டுமானால் பூச்சி ஐயங்காரின் மோகன வர்ணம் 'நின்னுகோரி' இருக்கிறது. வர்ணம் கற்ற எல்லாருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு எத்துக்கடை சுரமும் (சரண வரிக்குப் பின் பாடும் சுரக்கோவை) எந்தச் சுரத்தில் முடிந்து சரண வரிக்குத் திரும்புகிறது, அடுத்தடுத்த சுரங்களில் நீட்டல் எப்படிக் குறைகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

தேவாரம் எடுத்தால்

ராமேஸ்வரத்துக்குச் சம்பந்தர் இரண்டு பதிகம் பாடியிருக்கிறார், இரண்டும் மூன்றாம் திருமுறையில். ஒன்றுக்குப் பண் காந்தாரபஞ்சமம், இன்னொன்றுக்குப் பழம்பஞ்சுரம். இன்று ஓதுவார்கள் முதலாவதைக் கேதாரகௌளையிலும் இரண்டாவதைச் சங்கராபரணத்திலும் பாடுகிறார்கள். ஒரே ஊர், ஒரே புலவர், இரண்டு பண்; இதைவிட நல்ல ஒப்பீடு எங்கே கிடைக்கும்? பாட்டின் யாப்பு எப்படி மெட்டைப் பிடித்து வைக்கிறது, நீண்ட சீர் வரும் இடத்தில் ஓதுவார் சுரத்தை நீட்டுகிறாரா நிறுத்துகிறாரா என்று இரண்டு மூன்று ஓதுவார்களைக் கேட்டு எழுதலாம்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்: "சம்பந்தர் கேதாரகௌளையில் பாடினார்." பண்ணுக்கு இன்ன ராகம் என்பது ஓதுவார் மரபில் நமக்கு வந்து சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் அந்தப் பண் எப்படி ஒலித்தது என்பதற்கு ஒலிப்பதிவு கிடையாது. தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் இதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள், அவற்றைத் தேடிப் படித்துவிட்டு உங்கள் பகுதியை எழுதுங்கள்.

அம்பாவுக்கு வேறு முறை

கீர்த்தனைக்குச் சொன்ன அட்டவணையை அப்படியே கரைவலைப் பாட்டின் மேல் போடாதீர்கள். ராகம் கண்டுபிடித்துப் பெயர் சூட்டும் ஆசை வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். இங்கே தாளம் கையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுகிறார்கள், இழுப்பு எந்த எழுத்தில் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதனால் ஒலி மட்டும் போதாது, வீடியோ வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வலை கரையை நெருங்க நெருங்க இடைவெளி குறைகிறதா, சுருதி ஏறுகிறதா, வாங்கிப் பாடுகிறவர்கள் எடுப்புக்காரர் முடிக்கும் முன்பே நுழைகிறார்களா என்று பாருங்கள்.

கச்சான் (தென்மேற்குக்) காற்று காலத்தில் கைபேசியில் பதிவு செய்தால் காற்று மட்டும்தான் கிடைக்கும். மைக்குக்குப் பஞ்சு உறையோ முடி உறையோ போட்டு, முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று, எம்பி3 இல்லாமல் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் எடுங்கள். விசைப்படகில் போகும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் போங்கள், 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். வேலை நடக்கும்போது "அண்ணே, இன்னொரு தடவை பாடுங்க" என்று கேட்டு இழுப்பை நிறுத்தாதீர்கள். அப்புறம் சாயங்காலம் நிழலில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேளுங்கள். உட்கார்ந்து பாடும்போது வேகமும் மூச்சும் மாறும், இரண்டு பதிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே தனிக் கட்டுரை.

பதிவு எடுக்கும் முன் எதற்காக எடுக்கிறோம், எங்கே வைக்கப்போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெயர் போட வேண்டுமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். எடுத்த பதிவில் ஒரு பிரதி அவர் கைக்குப் போக வேண்டும், பென்டிரைவில் கொடுத்தாலும் சரி, பேரன் கைபேசிக்கு அனுப்பினாலும் சரி. நம் கரையில் வந்து பாட்டை அள்ளிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்காதவர்கள் உண்டு, அடுத்து வரும் பிள்ளைக்குக் கதவு அடைபடுவது அதனால்தான்.

கீழக்கரைப் பக்கம் இருப்பவர்கள் முனாஜாத்து (வேண்டுதல் பாட்டு), கிஸ்ஸா (கதைப் பாட்டு) என்று பழைய இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களின் அச்சுப் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே "இன்ன மெட்டு" என்று போடும் வழக்கம் உண்டு. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுவதே போதுமான தலைப்பு.

எழுதும்போது

முழுச் சுரக்குறிப்பையும் பின்னிணைப்பில் வைத்துவிட்டு, அத்தியாயத்துக்குள் வாதத்துக்குத் தேவையான இரண்டு வரியை மட்டும் எடுத்துப் போடுங்கள். குறிப்பைக் காட்டிய உடனே அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், படிப்பவரே கண்டுபிடித்துக்கொள்வார் என்று விடாதீர்கள். "இனிமையான", "உருக்கமான" என்ற சொற்கள் வரும்போதெல்லாம் நிறுத்தி, எந்தச் சுரம், எந்த நீட்டல், எந்தச் சொல் அதைச் செய்கிறது என்று எழுதுங்கள். உருக்கம் இருந்தால் அதற்கு இடம் உண்டு, அந்த இடத்தைக் காட்டத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது நீங்கள் வாதாடும் ஒவ்வொரு இடத்துக்கும் பத்து விநாடி ஒலித்துண்டு தனியாக வெட்டி, பக்க எண்ணோடு பெயரிட்டு லேப்டாப்பில் தயாராக வைத்திருங்கள். கேள்வி வந்ததும் துண்டைப் போட்டுக் காட்டுங்கள், கூடவே நீங்களும் பாடிக் காட்டுங்கள்.