ஹூஸ்டனில் வெள்ளப்பகுதி மனையில் கட்டுமுன்

2017 ஹார்வி புயலுக்குப் பின் ஹூஸ்டன் நகர மன்றம் விதியை இறுக்கியது; 2018 செப்டம்பர் 1 முதல் அமல். மனை நூறாண்டு அல்லது ஐந்நூறாண்டு வெள்ளப்பகுதிக்குள் வந்தால், புது வீட்டின் தரை ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்க வேண்டும். (நூறாண்டு, ஐந்நூறாண்டு என்பது பேருக்குத்தான்; அந்த அளவு வெள்ளம் வர எந்த வருஷமும் முறையே 1, 0.2 சதவீத வாய்ப்பு உண்டு.)

முதலில் சர்வேயரை வைத்து மட்டம் எடுங்கள், பிறகுதான் பிளான். வீட்டைத் தூக்கிவிட்டு ஏசியின் வெளி யூனிட்டை மண்ணிலேயே விடுவது வழக்கமான சறுக்கல்.

கீழே மூடிய கார் ஷெட் என்றால் வெள்ளம் உள்ளே வந்து போக, தரைப் பரப்பின் சதுர அடிக்கு 1 சதுர அங்குலம் வீதம் நீர்த்துளை விடுங்கள். குறைந்தது இரண்டு, வெவ்வேறு சுவர்களில், தரையிலிருந்து 1 அடிக்குள். இல்லாவிட்டால் வெளியே நிற்கும் தண்ணீரே சுவரைச் சாய்த்துவிடும்.

பழைய வீடா? பழுதுபார்ப்புச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால் புது விதிதான். மனையின் விலையைச் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.