இங்கிலாந்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது

லீவுக்குக் கோத்தகிரி வந்த இந்த மூன்று வாரத்தில், நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பும் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிர் நமக்குப் புதுசா என்ன? போன முதல் வாரமே தடுமாற வைப்பது பெயர் விஷயம், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும். வங்கியில், கிளினிக்கில் எல்லாம் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் பதியப் போன அன்று 'மிஸ்' சேர்த்து அப்பா பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா இங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், நான் தலையைக்கூடத் தூக்கவில்லை, என் முறை போயே போய்விட்டது. வார்டில் சேர்ந்த அன்றே உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். நீளமான பெயர் என்றால் சுருக்க வேண்டாம், இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள், கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம், சிஸ்டர். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லோருமே சிஸ்டர். அங்கே அது பதவி, வார்டுக்குப் பொறுப்பான சீனியர் நர்ஸுக்கு உரியது, ஆனால் அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மேனேஜரைத் 'தொரை' என்றே சொல்லிக் கேட்டு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான், அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்ல நாக்கு எழவில்லை, ஒரு மாதம் 'மேடம்' என்றே ஓட்டினேன். ஒருநாள் டீ குடிக்கும்போது, "என்மேல் உனக்குப் பயமா?" என்று கேட்டுவிட்டார். மனசு சுருக்கென்றது. மறுநாள் காலையில் பெயர் சொல்லி குட் மார்னிங் சொன்னேன், அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

சர்ஜன்களை டாக்டர் என்னாமல் மிஸ்டர், மிஸ் என்பார்கள். பழைய வழக்கம், மரியாதைக் குறைவு இல்லை.

நோயாளி எண்பது வயதுப் பாட்டி என்றால் எடுத்தவுடன் பெயர் சொல்லாதீர்கள், 'ஆன்ட்டி'யும் வேண்டாம். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, கவனிக்க வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதில் நொந்துதான் 2013இல் 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்.

கடைக்காரர் 'லவ்' என்றால் பயப்பட வேண்டாம், நம்ம 'கண்ணு' மாதிரிதான்.

யாழ்ப்பாணத்துக்காரர்களை நிறையப் பார்ப்பீர்கள். பல வீடுகளில் சின்னப் பிள்ளையைக்கூட 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவார்கள், சட்டென்று 'நீ' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நம்ம பக்கத்து 'சொல்லுங்கண்ணா', 'வாங்கக்கா' அங்கே தாராளமாகச் செல்லும்.