ஒரு கோரிக்கையின் பின்னால் போங்கள்: அமெரிக்க வரலாற்றில் போராட்டமும் போரும் சீர்திருத்தமும் படிக்க ஒரு வழி

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுப்பது என் தொழில். தேர்வு நெருங்கும் ஏப்ரல் மாதத்தில் அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் குறிப்பேடுகளைப் பார்த்தால் எனக்கு ஆயாசமாக இருக்கும். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் சம்பவம், மேலே மஞ்சள் மை. 1848 செனிகா ஃபால்ஸ் மாநாடு, 1863 விடுதலைப் பிரகடனம், 1920 பத்தொன்பதாவது திருத்தம். எல்லாம் சரிதான். ஆனால் “1848இல் கேட்ட பெண்கள் வாக்குரிமை ஏன் 1920இல்தான் கிடைத்தது?” என்று கேட்டால் அந்தக் குறிப்பேட்டில் பதில் கிடையாது.

பாடநூல் போராட்டத்துக்கு ஓர் அத்தியாயம், போருக்கு ஓர் அத்தியாயம், சீர்திருத்தத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து வைத்திருக்கும். அந்தப் பிரிவினையை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு, அது ஒரு போருக்குள் நுழைந்து எந்தக் கோலத்தில் வெளியே வந்தது என்று பாருங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் முறை இவ்வளவுதான்.

முதலில் கோரிக்கையை அதைக் கேட்டவர்களின் சொற்களிலேயே படியுங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணி என்றதும் எல்லோருக்கும் மார்ட்டின் லூதர் கிங்கின் உரை நினைவுக்கு வரும். அந்தப் பேரணியின் முழுப் பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’. அதன் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மணிக்கு 2 டாலருக்குக் குறைவான கூலியில் கௌரவமாக வாழ முடியாது என்ற வாதம் அதில் இருக்கிறது. அன்றைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1.15 டாலர். மறு ஆண்டு வந்த சிவில் உரிமைச் சட்டம் உணவகங்களிலும் விடுதிகளிலும் பாகுபாட்டைத் தடை செய்தது, வேலை தருவதில் பாகுபாட்டையும் தடை செய்தது. குறைந்தபட்சக் கூலியைப் பற்றி அது பேசவே இல்லை. கேட்டது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம் என்று தாளில் இரண்டு பத்திகளாக எழுதினால் இது ஐந்தே நிமிடத்தில் கண்ணில் படும். தேசிய ஆவணக் காப்பகமும் காங்கிரஸ் நூலகமும் இப்படிப்பட்ட மூல ஆவணங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. அவை இருக்கும்போது யாரோ எழுதிய சுருக்கத்தைப் படித்து மனப்பாடம் செய்வானேன்?

அடுத்தது, போர் அந்தக் கோரிக்கைக்கு என்ன செய்தது என்று கேட்பது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது 1917இல்தான்.

அந்த ஆண்டு ஜனவரி 10 அன்று ஆலிஸ் பாலின் தலைமையில் பெண்கள் வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. கையில் பதாகை மட்டும். ‘சுதந்திரத்துக்காகப் பெண்கள் இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?’ என்று அதிபரைக் கேட்டது ஒரு பதாகை. முதலில் பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆளப்படுகிறவர்களுக்குத் தங்கள் ஆட்சியில் குரல் வேண்டும், அதற்காகவே போர் செய்கிறோம் என்று அதிபர் வில்சன் காங்கிரசில், அதாவது நாடாளுமன்றத்தில், உரையாற்றியிருந்தார். அந்தப் பெண்கள் அதே வாக்கியத்தைத் துணியில் எழுதி அவர் வீட்டு வாசலிலேயே பிடித்தார்கள். அதிபரின் சொந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ராஜதுரோகம் என்று வழக்குப் போட முடியுமா? ஜூனில் கைதுகள் தொடங்கின. சொல்லப்பட்ட குற்றம், நடைபாதையில் போக்குவரத்துக்கு இடையூறு!

ஆகஸ்டில் வந்த பதாகை, எதிரியான ஜெர்மன் பேரரசரின் பட்டத்தைச் சூட்டி, ‘கெய்சர் வில்சன்’ என்றே தொடங்கியது. தன்னாட்சி இல்லாத ஜெர்மானியர்களுக்காக இரங்கினீர்களே, இரண்டு கோடி அமெரிக்கப் பெண்களுக்கும் அது இல்லையே என்றது. கூட்டம் பாய்ந்து பதாகைகளைக் கிழித்தது. நவம்பர் 14 இரவு ஆக்கோக்குவான் சிறைக் கூடத்தில் காவலர்கள் அந்தப் பெண்களை அடித்து நொறுக்கினார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் செலுத்தி வலுக்கட்டாயமாக உணவு புகட்டினார்கள்.

அதே சமயம் கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய வாக்குரிமைச் சங்கம் போரை ஆதரித்து, போர்ப் பணிகளில் இறங்கி, “நாங்கள் நாட்டுக்கு உழைக்கிறோம்” என்று காட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் எது வென்றது என்று கேட்டு வகுப்பை இரண்டாகப் பிரிப்பேன். சண்டை பலமாகவே நடக்கும். 1918 செப்டம்பர் 30 அன்று வில்சன் செனட்டில் பேசியதைப் படித்தால், போரில் பெண்களைப் பங்காளிகளாக்கிவிட்டோம், துன்பத்தில் மட்டும் பங்கு தந்து உரிமையில் பங்கு தராமல் இருக்கலாமா என்கிறார். கேட் சொல்லிவந்த வாதம்தான் இது. ஆனால் சிறைக் கதைகள் நாளிதழ்களில் வராமல் இருந்திருந்தால் அவர் வாயிலிருந்து அது வந்திருக்குமா? மறுநாள் வாக்கெடுப்பில் இரண்டு வாக்குகள் குறைந்து மசோதா தோற்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிபரே பேசியும் போதவில்லை. 1919 ஜூனில்தான் செனட் இறங்கி வந்தது. 1920 ஆகஸ்ட் 18 அன்று திருத்தத்துக்குத் தேவைப்பட்ட கடைசி மாநிலமாக டென்னசி ஒப்புதல் தந்தது, ஹாரி பர்ன் என்ற இளம் உறுப்பினர் ஆதரிக்கச் சொன்ன தாயின் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மாற்றிப் போட்ட வாக்கால்.

இவ்வளவும் படித்தபின் ‘போரால் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது’ என்று ஒற்றை வரி எழுதுகிறவரை எனக்குப் பிடிக்காது. வயோமிங் பிரதேசம் 1869இலேயே கொடுத்துவிட்டது. நியூயார்க் மாநிலம் 1917 நவம்பரில் கொடுத்தது. போர் வருவதற்கு முன்பே பல மேற்கு மாநிலங்களில் பெண்கள் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் வாக்கைத் தேடி அரசியல்வாதிகள் அலையவும் வேண்டியிருந்தது. மறுப்பதற்கு ஆகும் விலையைப் போர் ஏற்றிவிட்டது என்று எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

போர் வாயை அடைத்த கதையும் அதே ஆண்டுகளில்தான் இருக்கிறது. 1918 ஜூனில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. சிறையில் இருந்தபடியே 1920 அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். ஒரே போர் ஒரு கோரிக்கையைத் தூக்கிவிட்டது, இன்னொன்றைப் பூட்டி வைத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும் கட்டுரைக்கு நான் மதிப்பெண் குறைத்ததே இல்லை.

இன்னும் நறுக்கென்று ஓர் இணை வேண்டுமென்றால் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரண்டு உத்தரவுகளை எடுங்கள். கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் 1941 ஜூலையில் வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தப்போவதாக மிரட்டினார். ஜூன் 25 அன்று உத்தரவு 8802 வந்தது. போர்த் தளவாட ஆலைகளில் நிறப் பாகுபாடு கூடாது என்றது. ராணுவத்துக்குள் இருந்த பிரிவினையை அது தொடவில்லை. அதையும் கேட்டுத்தான் ராண்டால்ஃப் கிளம்பினார், அதற்கான உத்தரவு அடுத்த அதிபர் ட்ரூமனிடமிருந்து 1948இல் வந்தது. உத்தரவு 8802 வந்து எட்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று, அதே ரூஸ்வெல்ட் உத்தரவு 9066இல் கையெழுத்திட்டார். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, அவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது 1988இல்.

மூன்றாவது வேலை சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாதது: சட்டத்தை வரி வரியாகப் படிப்பது. விதிவிலக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். அடிமைகளை விடுவித்த விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டும்தான்; யூனியனோடு, அதாவது மத்திய அரசோடு, நின்ற கென்டக்கி போன்ற அடிமை மாநிலங்களுக்கு அது பொருந்தவில்லை. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்தில் ‘குற்றத்துக்கான தண்டனையாக அன்றி’ என்ற ஒரு துண்டு இருக்கிறது. தென் மாநிலங்கள் கைதிகளை வாடகைக்கு விட்டு உழைப்பைப் பறித்தது அந்தத் துண்டின் வழியாகத்தான். பத்தொன்பதாவது திருத்தத்துக்குப் பிறகும் தெற்கில் கறுப்பினப் பெண்களை வாக்குவரியும் எழுத்தறிவுத் தேர்வும் தடுத்தன. 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை.

எழுதும்போது ஓர் ஆளையாவது ஒரு தொகையையாவது உள்ளே கொண்டுவாருங்கள். ‘உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்கள் பாகுபாட்டைச் சந்தித்தனர்’ என்ற வாக்கியத்தை யாரும் எழுதலாம். கறுப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54ஆவது படைப்பிரிவினர் வெள்ளையருக்கு மாதம் தரும் 13 டாலரை நம்பிச் சேர்ந்தார்கள். தர முன்வந்தது 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். வாங்க மறுத்தார்கள். சம்பளம் இல்லாமலேயே எதிரியின் வாக்னர் கோட்டையைத் தாக்கப் போனார்கள். பிறகு மீதியை மாநில அரசு தருகிறோம் என்றபோதும் மறுத்தார்கள். 1864 ஜூனில் காங்கிரஸ் சம ஊதியத்துக்கு இணங்கியது. ஒரே சம்பளப் பட்டியலில் போராட்டம், போர், சீர்திருத்தம் மூன்றும் இருக்கின்றன பாருங்கள்.

பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. தேர்வின் ஆவணக் கேள்வியில் ஏழு ஆவணங்கள் தருவார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்று சொற்களுக்கு மிகாமல் ‘யார், யாரிடம், எப்போது’ என்று குறித்துவிட்டு, அந்தத் தேதியில் நாடு போரில் இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களாகச் செய்து பார்க்க ஒரு கோரிக்கை தருகிறேன்: பதினெட்டு வயதில் வாக்கு. 1942இல் கட்டாய ராணுவச் சேவை வயது பதினெட்டாகக் குறைந்தது; மறு ஆண்டே ஜார்ஜியா மாநிலம் வாக்களிக்கும் வயதையும் பதினெட்டாக்கியது. பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டு இழுபறி. வியட்நாம் போர், 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட நான்கு மாணவர்கள், அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: காங்கிரஸ் சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்காரர்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், மாநிலத் தேர்தலுக்கு அது செல்லாது. பல மாநிலங்கள் இரண்டு வாக்காளர் பட்டியல் வைத்திருக்க வேண்டிய தலைவலி. 1971 மார்ச் 23 அன்று காங்கிரஸ் அனுப்பிய இருபத்தாறாவது திருத்தத்துக்கு ஜூலை 1க்குள் போதிய மாநிலங்கள் ஒப்புதல் தந்துவிட்டன. அவசரத்துக்குக் காரணம் போரா, மாணவர் போராட்டமா, அந்த இரண்டு பட்டியல்களா? அரைப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் சமம் என்று மட்டும் முடிக்காதீர்கள்.