லிசானுல் அரப் அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவது எப்படி?

அரபு கற்கத் தொடங்கியவர்கள் இப்னு மன்ழூரின் 'லிசானுல் அரப்' அகராதியை ஆவலோடு திறந்து, தேடிய சொல் கிடைக்காமல் மூடிவிடுவதுண்டு. பழக்கமான ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அந்தத் தேடலைச் செய்து பார்ப்போம். எழுதப்பட்டது, கடிதம் என்று பொருள்படும் 'மக்தூப்' நமக்குப் போதும்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் பதிப்பைப் பாருங்கள். பெய்ரூத்தின் தார் ஸாதிர் பதிப்பு, வேரின் கடைசி எழுத்துப்படி அமைந்த ஆசிரியரின் பழைய வரிசையைக் காக்கிறது. கெய்ரோவின் தாருல் மஆரிஃப் பதிப்பு வேர்ச்சொல்லின் முதலெழுத்துப்படி மாற்றி அடுக்கப்பட்டது. பழைய வரிசைக்கே இனி வரும் படிகள் பொருந்தும்.

அடுத்து வேரைப் பிரித்தெடுக்க வேண்டும். முன்னே சேர்ந்த 'ம', இடையில் வரும் நெடில் ஆகியவற்றை நீக்கினால் காஃப், தா, பா என்ற மூன்று மெய்கள் எஞ்சும். கிதாப் (நூல்), மக்தப் (பள்ளி) முதலிய சொற்களுக்கும் இதுவே வேர் என்பதால் அவை அனைத்தும் ஒரே பதிவில் கிடைக்கும்.

இப்போது வேரின் கடைசி எழுத்தான 'பா'வுக்குரிய இயலைத் திறந்து, அதற்குள் முதலெழுத்தான 'காஃப்' பிரிவுக்குச் சென்று, அங்கே நடுவெழுத்தான 'தா'வைத் தேடுங்கள். இறுதியெழுத்து ஒன்றிவரும் வேர்கள் ஓரிடத்தில் சேர்வதால், இயைபு தேடும் கவிஞருக்கு இவ்வரிசை பெரிதும் உதவும். வேர் 'வாவ்' அல்லது 'யா' என்ற எழுத்தில் முடிந்தால் இரண்டுக்கும் பொதுவான இயலைப் பாருங்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

பதிவை வாசிக்கும்போது யார் பேசுகிறார் என்பதைக் கவனிப்பதே மிக முக்கியமான படி என்பது என் உறுதியான கருத்து. கெய்ரோவின் அரசு எழுத்தகத்தில் பணியாற்றி, லிபியாவின் திரிப்போலியில் காழியாகவும் (நீதிபதி) இருந்த இப்னு மன்ழூர், 1290இல் முடித்த இந்நூலுக்குள் அஸ்ஹரீ, ஜவ்ஹரீ, இப்னு ஸீதா, இப்னு பர்ரீ, இப்னுல் அஸீர் ஆகிய ஐவரின் நூல்களைச் சேர்த்துத் தந்தார். சிதறிக் கிடந்ததைத் திரட்டியதே தன் பங்கு என்று முன்னுரையில் அடக்கத்தோடு எழுதும் அவர், மக்கள் பிறமொழியில் பெருமை கொண்ட காலத்தில், சமூகத்தாரின் ஏளனத்துக்கு நடுவே நூஹ் நபி கப்பல் கட்டியதைப் போல இதைச் செய்ததாகவும் சொல்கிறார். அந்த வரியில் உள்ள வேதனை இன்றும் நெஞ்சைத் தொடுகிறது.

நம் பதிவையே பொறுமையாகப் படியுங்கள். எழுதுவதைக் குறிக்கும் அதே வினை, தண்ணீர்த் தோல்பையை வாரால் தைப்பதையும் குறிக்கிறது. அந்தத் தையலுக்குக் 'குத்பா' என்று பெயர். தையல் வழியே நீர் சொட்டும் பையைப் பாடிய துர்ரும்மாவின் கவிதை வரி சான்றாக நிற்கிறது. படைப்பிரிவைக் குறிக்கும் 'கதீபா'வும் இங்கேயே இருக்கிறது. தோலைத் தோலோடும், வீரரை வீரரோடும், எழுத்தை எழுத்தோடும் சேர்ப்பது என்ற ஒரே கருத்து இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அப்போது புலப்படும்.

பயிற்சிக்கு 'மஸ்ஜித்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஸீன், ஜீம், தால் என்பது வேர். ஆகவே தால் இயலில், ஸீன் பிரிவில், ஜீம் வரும் இடத்தில் அது இருக்கும்.